சயின்டிபிக் வொர்க்பிளேஸ் 6: சும்மா கிடைக்கிறது, போட்டுப் பார்க்கலாமா?

கணிதம் எழுதுகிற வேர்டு பிராசசர்களில் சயின்டிபிக் வொர்க்பிளேஸ் தனி ரகம். பொருளாதாரத் துறைகளில் லேடெக் (கட்டுரையை நிரல்போல எழுதி அச்சுக்கு வடிவமைக்கும் முறை) நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காமல் லேடெக் கட்டுரை எழுதிய ஒரு கூட்டமே உண்டு என்றால் அது இந்த மென்பொருளால்தான். அமெரிக்காவில் மெக்கிச்சன் சாப்ட்வேர் என்ற சிறிய நிறுவனம் விற்றுக்கொண்டிருந்தது, விலையும் கொஞ்சநஞ்சமில்லை. 2021 ஜூனோடு கடையைச் சாத்தியவர்கள், மூலநிரலைத் திறந்துவிட்டுப் போனார்கள். காசில்லாமல் கிடைக்கிறதே, நிறுவலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய கோப்புகள் கையில் இருந்தால் நிறுவுங்கள், புதிதாகத் தொடங்குபவர் என்றால் வேண்டாம்.

இதில் தட்டச்சு செய்கிற சுகத்தை முதலில் சொல்ல வேண்டும். கண்ட்ரோல்-எம் தட்டினால் கணிதத்துக்குள் நுழைந்துவிடுவோம், எழுத்து சிவப்பாகும். கண்ட்ரோல்-எஃப் பின்னம், கண்ட்ரோல்-ஆர் வர்க்கமூலம். சைன் என்பதன் மூன்று எழுத்தையும் அடித்து முடித்த நொடியில் அது தானாகச் சாம்பல் நிறத்துக்கு மாறி நிமிர்ந்து நிற்கும், அதாவது இது மூன்று மாறிகளின் பெருக்கல் இல்லை, ஒரு சார்பு என்று அதற்குப் புரிந்துவிட்டது. ஒரு தொகையீட்டை எழுதி கண்ட்ரோல்-இ தட்டினால் பக்கத்திலேயே சமக்குறி போட்டு விடை வந்து உட்காரும், உள்ளே மியூபேட் என்ற கணித மென்பொருள் கணக்குப் போடுகிறது. எலியைத் தொடாமல் ஒரு பக்கம் சமன்பாடு எழுதலாம். வேர்டின் சமன்பாட்டுப் பெட்டியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

5.5 பதிப்பு வரைக்கும் இது விண்டோஸில் மட்டும் ஓடியது. கோப்பு நேரடியாக லேடெக் படிக்கிற டெக் கோப்பாகவே சேமிக்கப்படும், ஆனால் அதன் தலையில் டிசிஐலேடெக் என்று தன் சொந்த மேக்ரோ (சுருக்கக் கட்டளை) கோப்பு ஒன்றையும் இழுத்து வைத்துவிடும். அந்தக் கோப்பு இல்லாத கணினியில் கட்டுரை ஓடாது. ஒரு ஆய்விதழிலிருந்து "உங்கள் கோப்பு இங்கே திறக்கவில்லை" என்று கடிதம் வாங்கிய அனுபவம் எனக்கும் உண்டு.

6-ஆம் பதிப்புக்குப் பழைய வீட்டை இடித்துவிட்டு மொசில்லா மேடையில் புதிதாகக் கட்டினார்கள். பயர்பாக்ஸுக்குள் இருக்கும் அதே கெக்கோ எஞ்சின்தான் திரையில் சமன்பாட்டை வரைகிறது. மெனு, உரையாடல் பெட்டி எல்லாம் பயர்பாக்ஸ் அந்தக் காலத்தில் பயன்படுத்திய ஜூல் மொழியில். முடிவு அன்றைக்கு நியாயமானதுதான். இணையப் பக்கத்தில் கணிதம் எழுதும் மொழியான மேத்எம்எல்லை உருப்படியாகக் காட்டிய உலாவி அப்போது மொசில்லாதான். குரோம் 2023-இல்தான் அந்தப் பக்கம் வந்தது. கூடவே மேக் பதிப்பும் கிடைத்தது. திரையில் தமிழும் ஒழுங்காகத் தெரியும், அச்சுக்கு யூனிகோட் எழுத்துக்களைக் கையாளும் ஸீடெக் என்ற எஞ்சினும் ஒரு தமிழ் எழுத்துருவும் தேர்ந்தெடுத்தால் போதும்.

இடி அப்புறம் விழுந்தது. வாடகைக்கு வந்த வீட்டை வீட்டுக்காரரே இடிக்கத் தொடங்கினார். பயர்பாக்ஸ் 2017-இல் 57-ஆம் பதிப்போடு ஜூல் நீட்சிகளைக் கைவிட்டது, பிறகு ஜூலையே படிப்படியாகக் களைந்தார்கள். ஒரு சிறிய நிறுவனம் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுத்திருக்க முடியுமா என்ன? திறந்த மூல மேடை என்றால் யாரும் உங்களைத் துரத்த முடியாதுதான், ஆனால் அதைப் பராமரிக்கிற கூட்டம் கிளம்பிப் போய்விட்டால் பழைய எஞ்சினை வைத்துக்கொண்டு தனியாக நிற்க வேண்டியதுதான். 6 இன்றைக்கு அப்படித்தான் நிற்கிறது. மூலநிரல் பொதுவில் இருக்கிறது, எடுத்து ஓட்ட ஆள்? மியூபேடோ 2008-லிருந்து மாத்வொர்க்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் சொத்து, அதைத் திறந்துவிட மெக்கிச்சனுக்கு உரிமையே இல்லை.

கோப்பு வடிவம் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. 6 சேமிப்பது டெக் கோப்பை இல்லை, எஸ்சிஐ என்று ஒன்று. பார்த்தால் அது ஒரு ஜிப் கோப்பு, பிரித்தால் உள்ளே எக்ஸ்ஹெச்டிஎம்எல்லும் மேத்எம்எல்லும், கூடவே படங்களும். நாளைக்கு மென்பொருளே ஓடாமல் போனாலும் உள்ளடக்கம் போகாது. ஆனால் இதற்கு விலையும் உண்டு. டெக் கோப்பைத் திறப்பது என்பதே இப்போது இறக்குமதி, இதழுக்கு அனுப்ப ஏற்றுமதி. உங்கள் சொந்த மேக்ரோக்கள் நிறைந்த கட்டுரையை இணையாசிரியரோடு மாற்றி மாற்றித் திருத்துகிறீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் உருமாற்றம், எனக்கு அது ஒத்துவரவில்லை.

புதியவர்களுக்கு, லேடெக்கைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுதவிடும் லிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 1995-இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கியது. அதுவும் எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற பழைய இடைமுகக் கருவித்தொகுப்பிலிருந்து க்யூட்டி என்ற இன்னொன்றுக்கு இடம் மாறிய மென்பொருள்தான். வித்தியாசம், அவர்கள் அந்த மாற்றத்தை நிரலுக்குள் இடைமுகத்தைத் தனியாகப் பிரித்துவைத்துச் செய்தார்கள், க்யூட்டியும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது. விடை போட்டுத் தருகிற சுகம் மட்டும் அதே அளவுக்கு இருக்காது.

5.5-இல் எழுதிய கட்டுரைகள் இன்னும் உங்களிடம் இருந்தால், அந்தப் பழைய விண்டோஸ் கணினி ஓடும்போதே ஒவ்வொன்றையும் திறந்து 'போர்ட்டபிள் லேடெக்' வடிவத்தில் இன்னொரு பிரதி சேமித்துவிடுங்கள். டிசிஐலேடெக் தொல்லை அதோடு போய்விடும், பிறகு எந்த எடிட்டரில் வேண்டுமானாலும் திறக்கலாம்.