குடும்பத்தோடு நீண்ட உள்நாட்டுப் பயணம்: மலிவு விமானமா, முழுச்சேவை விமானமா?

நாலு பேர், ஐந்து மணி நேரப் பயணம். தேடும் பக்கத்தில் மலிவு நிறுவனம்தான் ஜெயிக்கும். பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டு முடிவு செய்யுங்கள்.

கட்டணம்
மலிவு: பெட்டி, இருக்கைத் தேர்வு, சாப்பாடு எல்லாம் தனிக் காசு. அதையும் நாலால் பெருக்குங்கள்.
முழுச்சேவை: இவற்றில் சில சேர்ந்தே வரும். ஆனால் அங்கேயும் 'பேசிக் எகானமி' என்று ஒரு குறைந்த கட்டண வகை உண்டு. அதில் இந்தச் சலுகைகள் பல கிடையாது.

இருக்கை
மலிவு: பலவற்றில் வரிசை இடைவெளி 28 அங்குலம்.
முழுச்சேவை: 30, 31.
இரண்டு, மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். மடியில் குழந்தை தூங்கும்போது தெரியும்.

விமானம் ரத்தானால்
எனக்கு இதுதான் முக்கியம்.
மலிவு: வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் பறக்கும் தடம் என்றால், அடுத்த விமானத்துக்கு இரண்டு, மூன்று நாள்கூட ஆகலாம்.
முழுச்சேவை: அன்றே வேறு விமானத்திலோ, கூட்டாளி நிறுவனத்திலோ ஏற்றிவிட வாய்ப்பு அதிகம்.

வளர்ந்த பிள்ளைகள், ஆளுக்கொரு முதுகுப்பை என்றால் மலிவே போதும். கைக்குழந்தை, தாத்தா பாட்டி, தேதி தவறக்கூடாத கல்யாணம் என்றால் முழுச்சேவை. அப்புறம், எதுவானாலும் நேரடி விமானமாகப் பாருங்கள்.