கரைசலா, டிரிப்பா? எகிப்து காட்டிய வழி

வயிற்றுப்போக்கில் துவளும் குழந்தைக்கு நீர்ச்சத்தை மீட்க இரண்டு வழிகள் உண்டு: வாய்வழி உப்பு-சர்க்கரைக் கரைசல், நரம்பில் ஏற்றும் டிரிப். 1980களில் எகிப்து முதலாவதை வீடுவீடாகக் கொண்டுபோனது.

டிரிப் வேகமானது. குழந்தை மயங்கிக் கிடந்தாலோ, குடிக்கவே முடியாமல் போனாலோ அதுதான் உயிர் காக்கும். அப்போது கரைசலை நம்பி நேரத்தைக் கடத்தவே கூடாது. ஆனால் அதற்கு ஊசி, கிருமியற்ற திரவம், சுருங்கிப்போன சின்ன நரம்பைத் தேடிப்பிடிக்கும் கை, எல்லாம் வேண்டும். நைல் கரைக் கிராமத்தில் நள்ளிரவில் இவற்றுக்கு எங்கே போவது?

கரைசலுக்குத் தாயும் கரண்டியும் போதும். குடலில் குளுக்கோஸ் சோடியத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறது, தண்ணீர் பின்தொடர்கிறது. அளவு தவறினால்தான் ஆபத்து: தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்துவிடும். இதை எகிப்தியர்கள் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் பொடிப் பாக்கெட்டை விட்டுவிட்டு 200 மில்லிக்கான சிறு பாக்கெட்டைத் தந்தார்கள். அதே அளவுக்குப் பிளாஸ்டிக் கோப்பையும் கொடுத்தார்கள். நடிகை கரீமா முக்தார் தொலைக்காட்சியில் தோன்றித் தாய்மார்களிடம் கரைசலைப் பற்றிப் பேசினார்.

வாந்தி எடுக்கிறதே என்று உடனே டிரிப் கேட்கும் பெற்றோர் உண்டு. பத்து நிமிடம் பொறுத்து, மெல்லக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தால் பெரும்பாலும் தங்கிவிடும்.