நீதிமன்றத்தில் செயற்கை நுண்ணறிவு: கேரளக் கொள்கையா, ஐரோப்பியச் சட்டமா?

குற்றவியல் மேல்முறையீடுகளை நடத்தும் எங்கள் அலுவலகத்தில், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஜூனியர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் ஒரு விதி வகுக்க வேண்டியிருந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்காக வெளியிட்ட கொள்கையையும், ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டத்தையும் அருகருகே வைத்துப் படித்து, கேரள வழியையே ஏற்றோம்.

முடிவெடுப்பது மனிதராகவே இருக்க வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றுதான். ஐரோப்பியச் சட்டம் கருவியை வகைப்படுத்துவதிலிருந்து தொடங்குகிறது: வழக்கின் உண்மைகளையும் சட்டத்தையும் ஆராய நீதிபதிக்கு உதவும் கருவி அதிக இடருள்ளது, ஆவணங்களில் பெயர்களை மறைப்பது போன்ற துணை வேலைக்கான கருவி அவ்வாறல்ல. அதிக இடருள்ள கருவிக்கான கடமைகளின் பெரும்பகுதி அதன் தயாரிப்பாளர் மீது விழுகிறது. சந்தையையே கட்டுப்படுத்தும் அந்த வலிமை எந்த உயர் நீதிமன்றத்துக்கும் இல்லை. அச்சட்டத்தின்கீழ் நான் வழக்காடியதில்லை என்பதால், நடைமுறையில் அது எப்படி இயங்கும் என்பதில் என் கருத்துக்கு அதிக எடை தர வேண்டாம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது சரிபார்ப்புப் பதிவேடு. எந்தக் கருவி எப்போது பயன்படுத்தப்பட்டது, வெளிவந்ததை மனிதர் எவ்வாறு சரிபார்த்தார் என்ற விவரங்களை நீதிமன்றங்கள் பதிந்து வைக்க வேண்டும் என்கிறது கேரளக் கொள்கை. மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்த்தாக வேண்டும். ஐரோப்பியச் சட்டமும் அதிக இடருள்ள கருவிகளின் இயக்கப் பதிவுகளைக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்கச் சொல்கிறது, ஆனால் அது இயந்திரம் தானாக எழுதும் பதிவு. சாட்சியின் தமிழ் வாக்குமூலம் ஆங்கிலமாகும்போது, அரிவாளை வீசியவர் முதல் எதிரியா (குற்றம் சாட்டப்பட்டவரா) இரண்டாம் எதிரியா என்பது இடம் மாறினால், ஆயுள் தண்டனையே தவறான ஆள்மீது நிற்கக்கூடும். அப்போது மேல்முறையீட்டில் நாங்கள் கேட்க வேண்டியது, மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தவர் யார் என்பதே. கருவி தரச்சான்று பெற்றது என்ற பதில் எங்கள் கட்சிக்காரருக்கு உதவாது.

இப்பதிவேட்டைப் பேணுவது எளிதன்று. டைப்டு செட் (நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் வழக்கு ஆவணங்களின் தட்டச்சுத் தொகுப்பு) அவசரமாகத் தயாராகும் நாட்களில், ஒவ்வொரு பக்கத்துக்கும் சரிபார்த்தவர் கையொப்பமிடுவது பெரும் வேலை. இருந்தும் அதை விடக்கூடாது என்றே கருதுகிறேன்.

கேரளக் கொள்கையில் ஒரு குறை உண்டு: அது நீதிபதிகளையும் நீதிமன்றப் பணியாளர்களையும் கட்டுப்படுத்துகிறதே தவிர, வழக்கறிஞர்களை அன்று. கருவி கற்பனை செய்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது வழக்கறிஞர்கள் தரப்புக்குத்தான். ஆகவே, மேற்கோள் காட்டும் தீர்ப்பை மூலத் தொகுப்பில் படித்தவர் கையொப்பமிட வேண்டும் என்ற பிரிவை எங்கள் விதியில் நாங்களே சேர்த்துக்கொண்டோம்.