திருச்சியில் அண்ணனின் ஈரல் பரிசோதனை: பார்த்ததும் கேட்டதும்

இந்த முறை மெல்பர்னிலிருந்து ஊருக்குப் போனதே அண்ணனுக்காகத்தான். அவருக்குப் பல வருடமாக ஹெபடைடிஸ் பி, அதாவது ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய் உண்டு. அந்த வைரஸை அடக்கி வைக்கும் டெனோஃபோவிர் மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். ஆனால் கடைசியாக எப்போது வயிற்று ஸ்கேன் எடுத்தார் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

தில்லைநகரில் பரிசோதனை வசதிக்குக் குறைவே இல்லை. காலையில் வெறும் வயிற்றில் போனோம். ரத்தம் கொடுத்து, அல்ட்ராசவுண்டும், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் முடித்து மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டோம். சாயங்காலமே ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. இந்த வேகத்தை மனதாரப் பாராட்டுகிறேன்.

குறை அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு தாளிலும் ஓர் எண் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அர்த்தம் சொல்ல அங்கே ஆளில்லை. "எல்லாம் பார்டர்லதான் இருக்கு, பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பார்த்த கல்லீரல் மருத்துவர் அதே தாள்களை வாங்கி, ஓரத்தில் பேனாவால் கணக்குப் போட்டார். பேஜ்-பி என்று பெயராம். மாத்திரை எடுக்கும் ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கு அடுத்த ஐந்து வருடத்தில் ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கணிப்பது. வேண்டியவை மூன்றே: வயது, ஆணா பெண்ணா, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) எண்ணிக்கை. அண்ணனுக்கு வயது 54, அதற்கு 6. ஆண் என்பதற்கு 6. பிளேட்லெட் 1.42 லட்சம், ஒரு லட்சத்துக்கு மேல் இரண்டு லட்சத்துக்குள் இருப்பதால் இன்னொரு 6. மொத்தம் 18. ஒன்பது வரை குறைந்த ஆபத்து, 10 முதல் 17 வரை நடுத்தரம், 18-லிருந்து அதிகம்.

அண்ணி பதறிப்போய், "அப்ப கேன்சர் வந்துருச்சா டாக்டர்?" என்றார்.

"வரலைம்மா. யாரை விடாம கவனிக்கணும்னு பிரிக்கத்தான் இந்தக் கணக்கு."

ஈரல் சேதமாகித் தழும்பு ஏற ஏற மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் சாதாரண ரத்தப் பரிசோதனையில் வரும் அந்த எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு. ஐரோப்பிய நோயாளிகளை வைத்து 2016-ல் வெளியான கணக்கு இது. பின்னர் கொரியாவில் ஈரல் உருவாக்கும் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவையும் சேர்த்து மாற்றி அமைத்தார்கள். இன்னொன்றையும் மருத்துவர் அழுத்திச் சொன்னார்: தழும்பு முற்றி ஈரல் சுருக்கம் வந்துவிட்டவர்களுக்கு இந்தக் கணக்கில் எண் குறைவாக வந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் கட்டாயம். கூடவே ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்வார்கள்; ஈரல் புற்றுநோய் இருந்தால் உயரக்கூடிய ஒரு புரதத்தை அது அளக்கும். கட்டி சிறியதாக இருக்கும்போது வலியோ காமாலையோ தெரியாது. அந்த நிலையில் பிடித்தால்தான் வெட்டி எடுக்கவோ, சுட்டு அழிக்கவோ, மாற்று ஈரல் வைக்கவோ வழியிருக்கும்.

அண்ணனுக்கு ஃபைப்ரோஸ்கேனிலும் தழும்பு முற்றிய நிலை என்றே வந்தது. அதனால் இனி ஆறு மாதக் கணக்குத்தான்.

ஸ்கேன் சென்டருக்குத் திரும்பப் போய், ஆறு மாதம் கழித்து நினைவூட்டுவீர்களா என்று கேட்டேன். அப்படி வழக்கமில்லை என்றார்கள். தள்ளுபடி விலையில் முழு உடல் பரிசோதனை என்று அங்கிருந்து அண்ணனின் எண்ணுக்குச் செய்தி வந்தபடி இருக்கிறது. அதே எண்ணுக்கு "உங்கள் ஈரல் ஸ்கேனுக்கு நாளாகிவிட்டது" என்று ஒரு வரி அனுப்ப என்ன தடை? மெல்பர்னில் இதே நோயுள்ள என் தோழிக்கு அவளுடைய குடும்ப மருத்துவரிடமிருந்து அப்படித்தான் வருகிறது. இந்த ஒன்றை மட்டும் நம் ஊர்க்காரர்கள் செய்துவிட்டால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுபவர்களுக்கு: 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மையங்கள் உள்ள அரசு மருத்துவமனைகளில் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களும் மனைவி மக்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எடுத்தோம், யாருக்கும் இல்லை. பெரியவனுக்குச் சின்ன வயதில் தடுப்பூசி போடவில்லை. முதல் ஊசியைப் போட்டுவிட்டோம், மற்ற இரண்டையும் அண்ணி பார்த்துக்கொள்கிறார்.