டயர் ரிம்மில் ஏறும் முன்னே அந்த நாலு எண்ணைப் பாருங்கள்

பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் கார் டயர் மாற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது டயர் விலையை வாங்கிக்கொண்டு ஆறு வருஷப் பழைய சரக்கை மாட்டி அனுப்பிவிட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் செய்த விதம் தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

2024 ஆகஸ்டில் நான்கு டயரும் மாற்றினோம். "நேத்துதான் சரக்கு இறங்குச்சு அண்ணாச்சி, மேல ரப்பர் முடிகூட போகல பாருங்க" என்றார் கடைக்காரர். முடி இருந்தது உண்மைதான். ரோட்டில் ஓடாத டயரில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் அந்த முடி இருக்கும். மேலே பாலிஷ் வேறு. அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் முடித்து, நைட்ரஜனும் அடித்து, "இனி காத்தே பாக்க வேண்டாம்" என்று அனுப்பினார். அதுவும் பொய். நாம் சாதாரணமாக அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எதை அடித்தாலும் மாதம் ஒரு தடவை, டயர் சூடாகும் முன் பார்க்கத்தான் வேண்டும்.

சித்திரை வெயிலில் நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. காரில் அம்மாவும் அக்கா பிள்ளைகளும். ஓரங்கட்டி, ஸ்டெப்னியை மாட்டி, வள்ளியூரில் ஒரு பஞ்சர் கடையில் கழற்றிய டயரைக் காட்டினோம். கடைப் பெரியவர் உள்பக்கச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். பாதி எலுமிச்சம்பழம் போல வீங்கியிருந்தது. பாலிஷையும் அழுக்கையும் துணியால் அழுத்தித் துடைத்ததும் சுற்றிலும் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. "இத வாசிங்க தம்பி" என்று டார்ச் அடித்தார். சின்ன நீள்வட்டத்துக்குள் 2218.

முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதாவது 2018-இன் 22-ஆவது வாரம், மே கடைசியில் செய்த டயர். பிறகு மற்றதையும் பார்த்தார். பின்னால் இருந்த இரண்டும் 2024 தயாரிப்பு, எண் வெளியே தெரிந்தது. முன்னால் மாட்டிய இரண்டும் 2218, எண் உள்பக்கம். தேதியோடு கூடிய முழு எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிவிட்டால் வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எண் உள்ளே இருந்தாலே மோசடி என்று சொல்லமாட்டேன், சில நல்ல கடைகளிலும் அப்படி மாட்டுவார்கள். ஆனால் பழசு இரண்டும் உள்ளே, புதுசு இரண்டும் வெளியே என்பது தற்செயலாக நடக்குமா?

திரும்பி வந்து கேட்டபோது பேச்சே மாறிவிட்டது. "ரிம்ல ஏத்துன டயர எப்படித் திரும்ப எடுக்க முடியும்?" வீக்கம் பள்ளத்தில் விழுந்து வந்தது என்றார். இருக்கலாம், வீக்கம் அப்படியும் வரும். சுற்றிலும் வெடிப்பு பள்ளத்தால் வராது. ரப்பர் கிடந்து இறுகினால்தான் வரும். பில்லில் "டயர் 4" என்று மட்டும் இருந்தது, டயர் எண் எதுவும் எழுதவில்லை. கடைசியில் வேறு இரண்டு டயரை விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார். அவர் கையால் வேண்டாம் என்று வேறு கடையில் வாங்கிவிட்டோம்.

ஆகவே, டயரை மெஷினுக்குக் கொண்டுபோகும் முன்பே நான்கின் எண்ணையும் போட்டோ எடுங்கள், அதையே பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். நிழலில் ஒழுங்காக வைத்திருந்த டயர் ஒரு வருஷம் பழையது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அதற்கு மேல் போனால் நான் வாங்கமாட்டேன். ஐந்து வருஷம் ஓடிய டயரையே வருஷா வருஷம் கழற்றிச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள், நமக்கு அந்த வயசில் புதுசாகவா விற்பது?

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு 2 வருஷம் அவகாசம் உண்டு. சமீபத்தில் டயர் மாற்றியவர்கள் இன்றைக்கே ஒரு தடவை பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தினால் முன்சக்கரத்தின் உள்பக்கம் தெரியும்; பின்சக்கரத்துக்கு ஜாக்கி வைத்துக் கழற்றித்தான் ஆக வேண்டும்.