பஞ்சர் ஆகாத டயர் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு: நல்ல டயர்தான், எனக்குப் பிடிக்கல

ஃப்ரெண்ட் ஒருத்தர் எலக்ட்ரிக் சைக்கிள் வச்சிருக்கார், கூட வந்த டயர் மொழுக்குன்னு தேஞ்சு போச்சு, "நீ போட்டிருக்கியே பஞ்சர் ஆகாத டயர், அதையே வாங்கிடவா"ன்னு கேட்டார். வாங்குன்னு சொல்ல வாய் வரல, வேணாம்னு சொல்லவும் மனசு வரல. அவருக்கு போன்ல சொன்னதைவிட இங்க கொஞ்சம் விவரமா எழுதிடறேன்.

முதல்ல, சாதா சைக்கிள் பஞ்சரும், ஹப் மோட்டார், அதாவது வீல் நடுவுலயே மோட்டார் வச்ச எலக்ட்ரிக் சைக்கிள் பஞ்சரும் ஒண்ணு இல்ல. முன் வீல்னா பரவால்ல, கழட்டு ஒட்டு மாட்டு, வேலை முடிஞ்சுது. மோட்டார் இருக்கிற பின் வீல்ல பஞ்சர்னா சைக்கிளைக் கவுத்துப் போட்டு, ஒயரைக் கட்டியிருக்கிற கேபிள் டையை வெட்டி, கனெக்டரைப் பிரிச்சு, 18 எம்எம் ஸ்பேனர் தேடி ரெண்டு நட்டையும் லூஸ் பண்ணி, உள்ள இருக்கிற கொக்கி வாஷர் எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்துச்சுன்னு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, அப்புறம்தான் வீலைத் தூக்கணும், தூக்குனா மோட்டார் வெயிட்டே ரெண்டு மூணு கிலோவுக்கு மேல. அந்த வாஷர் கொக்கி திரும்ப சரியா உக்காரலேன்னா, நட்டும் லூஸா இருந்துட்டா, மோட்டார் இழுக்கிற இழுப்புல ஆக்ஸிலே சுத்திக்கிட்டு ஒயரை அறுத்துடும். ரோட்டோரமா இருட்டுல டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு இதெல்லாம் பண்ணிப் பாத்தவங்களுக்குத்தான் பஞ்சர் ஆகாத டயரோட அருமை தெரியும். நான் பண்ணியிருக்கேன், அதனாலதான் வாங்கினேன்.

கடையில பஞ்சர் ப்ரூஃப்னு எழுதி விக்கிறதெல்லாம் ஒரே ஜாதி இல்ல. ஒரு வகையில ட்ரெட்டுக்கு, அதான் ரோட்டைத் தொடுற மேல் ரப்பருக்கு, அடியில கெவ்லார் மாதிரி உறுதியான நூல்ல நெய்த மெல்லிசான பட்டை இருக்கும். கண்ணாடித் துண்டு வெட்டுறதை அது நல்லா தாங்கும், ஆனா முள்ளும், லாரி டயர் வெடிச்சா ரோட்ல சிதறிக் கிடக்குமே முடி மாதிரி கம்பி, அதுவும், நூலுக்கு நடுவுல நுழைஞ்சு போயிடும். இன்னொரு வகை, ட்ரெட்டுக்கு அடியில தடியா தனி ரப்பர் லேயரே வச்சிருப்பாங்க. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ்ல அந்த லேயர் மட்டும் 5 மிமீ. இதுல விஷயம் ரொம்ப சிம்பிள், முள்ளோட நீளம் டயர் தடிப்பைவிடக் கம்மியா இருந்தா டியூபைத் தொடவே முடியாது. நான் போட்டிருக்கிறது இந்த ரெண்டாவது வகை, வேற கம்பெனி, பேரு வேணாம், திட்டப் போறேன்ல.

திட்டுறதுக்கு முன்னாடி நியாயமா சொல்லிடறேன். போட்டதுல இருந்து ஒரு பஞ்சர் கூட இல்ல. மழை பெஞ்சு விட்டா நான் டயரைச் சுத்திச் சுத்திப் பாப்பேன், ஈரத்துல கண்ணாடி ரப்பருக்குள்ள வழுக்கிக்கிட்டு இறங்கிடும். ஒரு தடவை அப்படிப் பாக்கும்போது பின் டயர்ல நெருஞ்சி முள்ளு ஒண்ணு முழுசா உள்ள இறங்கி மொட்டையா தெரிஞ்சுது, நகத்துல பிடிச்சா வரல, சின்ன ஸ்க்ரூ ட்ரைவர் நுனியால நெம்பி எடுத்தேன், எடுத்துட்டு காதை டயர்கிட்ட வச்சு உஸ்ஸுன்னு வருதான்னு கேட்டேன், எச்சில் தொட்டு வச்சும் பாத்தேன், ஒரு குமிழி இல்ல. பழைய டயரா இருந்தா அந்த இடத்துலயே உக்காந்திருப்பேன். அந்த முள்ளைத் தூக்கிப் போட மனசில்லாம டூல் பாக்ஸ்ல போட்டு வச்சிருக்கேன், எதுக்குன்னு கேக்காதீங்க.

சரி, இப்ப கடுப்பு.

சைக்கிளுக்கு உயிரே போயிடுச்சு. வேற எப்படி சொல்றதுன்னு தெரியல. மோட்டார் ஓடுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, அதுபாட்டுக்கு இழுத்துட்டுப் போகும், அதனாலதான் வாங்கின புதுசுல எல்லாரும் "வித்தியாசமே இல்ல"ன்னு ரிவ்யூ எழுதிடறாங்க. நிறைய நாட்டுல 25 கிமீ வேகத்துக்கு மேல மோட்டார் உதவி பண்ணக் கூடாதுன்னு சட்டம், என் சைக்கிளும் அப்படித்தான், 25 தொட்டதும் கட் ஆகும். முன்னாடியெல்லாம் சமமான ரோட்ல அதுக்கு மேலயும் ஒரு ரெண்டு மூணு கிமீ கால்லயே மிதிச்சுத் தாக்குப் பிடிப்பேன், அது ஒரு ஜாலி. இப்ப 25ல மோட்டார் விட்டதும் யாரோ பின்னாடி கேரியரைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி அங்கேயே நின்னுடுது. தடி ரப்பர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி நிமிரணும், அதுக்கு சக்தி வேணும்ல, மோட்டார் இருந்தா பேட்டரில இருந்து போகும், இல்லேன்னா நம்ம தொடைல இருந்து போகும். பேட்டரி தீந்து வீடு வரைக்கும் மிதிச்சுட்டு வந்தீங்கன்னா கெட்ட வார்த்தை எல்லாம் தானா வரும்.

அப்புறம் குலுக்கல். சைடு சுவரும் முரட்டுத்தனமா இருக்கிறதால சின்ன சின்ன அதிர்வெல்லாம் நேரா மணிக்கட்டுக்கு வருது. காத்தைக் குறைச்சா சரியாயிடும்னு சொல்வாங்க, கொஞ்சம் குறைக்கலாம், ஆனா டயர் சைடுல மினிமம்னு போட்டிருக்கிறதுக்குக் கீழ போகாதீங்க. காத்து கம்மியா குழில விட்டா ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல டியூப் நசுங்கி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும், அந்தப் பஞ்சரை எந்தக் கவசமும் தடுக்காது. பேட்டரி, மோட்டார், சாமான்னு எலக்ட்ரிக் சைக்கிள் ஏற்கனவே வெயிட்டு, பின் வீலுக்கு இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மாட்டுறது பத்தியும் சொல்லணும். டயர் விளிம்பு அவ்ளோ டைட்டு, முதல் தடவை டயரை நெம்புற பிளாஸ்டிக் லிவர் ரெண்டு உடைஞ்சுது. பழகினப்புறம் வழி தெரிஞ்சுது: வால்வுக்கு நேர் எதிர்ப் பக்கத்துல ஆரம்பிச்சு வால்வுகிட்ட முடிக்கணும், விளிம்பை ரிம்முக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துக்குள்ள சுத்திலும் அமுக்கி அமுக்கித் தள்ளிக்கிட்டே வந்தா கடைசில ஒரு விரல் அளவு தொய்வு கிடைக்கும், சோப்புத் தண்ணி தொட்டு கட்டை விரலால ஏத்தணும். கடைசி இடத்துல லிவர் போட்டு நெம்புனா புது டியூபை நீங்களே கிழிச்சுடுவீங்க. முடிச்சதும் வால்வை ஒரு தடவை உள்ள தள்ளி விடுங்க, அடியில டியூப் மாட்டியிருந்தா விடுபடும். பாக்ஸ்ல "ஈஸி ஃபிட்"னு போட்டிருந்தாங்க, போட்டவர் கைல கிடைச்சா நல்லா இருக்கும்.

மத்த வழியெல்லாம்? டியூபுக்குள்ள ஊத்துற சீலன்ட், அதான் ஓட்டையை அடைக்கிற திரவம், சின்ன முள் ஓட்டைக்கு நல்லா வேலை செய்யுது, ஆனா லேடெக்ஸ் வகை சில மாசத்துல காஞ்சு போயிடும், திரும்ப ஊத்தணும். டயருக்கும் டியூபுக்கும் நடுவுல தனியா வைக்கிற பட்டை எனக்கு ஆகாது, அதோட ஓரமே டியூபை அரிச்சு ஓட்டை போடும். காத்தே இல்லாத சாலிட் டயர் பத்தி பேசவே வேணாம், இந்தக் குலுக்கலுக்கே நான் அழறேன். ஹப் மோட்டார்காரங்களுக்கு நிஜமாவே உருப்படியான ஒண்ணு, வட்டமா இல்லாம ரெண்டு முனையோட நீளமா வர்ற டியூப், வீலைக் கழட்டாமலே டயர் ஒரு பக்கத்தை மட்டும் இறக்கி மாத்திக்கலாம். ஒண்ணு வாங்கிப் பைல போட்டிருக்கேன், அந்த டயர் புண்ணியத்துல இன்னும் பிரிக்கவே இல்ல.

சைஸ் வாங்கும்போது 28 இன்ச், 26 இன்ச்னு மட்டும் பாத்து வாங்காதீங்க, சைடுல 47-622ன்னு ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, முதல்ல அகலம், ரெண்டாவது ரிம் அளவு, அந்த ரெண்டாவது நம்பர் அப்படியே ஒத்துப் போகணும். 20 இன்ச்லயே 406ம் இருக்கு 451ம் இருக்கு, மாத்தி வாங்கினா ரிம்முல உக்காரவே உக்காராது. மட்கார்டு இடைவெளியும் பாத்துக்கோங்க, தடி டயர் அங்க உரசும்.

ஃப்ரெண்டுக்கு கடைசியா சொன்னது: பின்னாடி இந்த வகை போடு, முன்னாடி மெல்லிசா பட்டை வச்ச சாதா டயர் போடு, முன் வீல் பஞ்சர் ஒரு பிரச்சனையே இல்ல, ஹேண்டில்பார் குலுக்கலும் பாதி குறையும். அவர் சரின்னுட்டு, "அப்ப நீ அடுத்ததும் இதையேதான் வாங்குவியா"ன்னார். மாட்டேன். பஞ்சர் ஆனா ஆகட்டும், இந்த 25ல நிக்கிற எழவை இன்னொரு வருஷம் என்னால மிதிக்க முடியாது. ஆனா தேயட்டும்னு பாத்துக்கிட்டே இருக்கேன், ட்ரெட் பாதி கூட தேயல.