கொப்புடையம்மனா, முத்துமாரியம்மனா?

குலதெய்வக் கோயில் தொலைவில் இருப்பதால், காரைக்குடியிலேயே நேர்த்தியைச் செலுத்த விரும்பும் குடும்பங்கள் இவ்விரு சன்னிதிகளுக்கிடையே தயங்குகின்றன.

அம்மன்: கொப்புடைநாயகி நகரின் காவல் தெய்வம், மூலவரே உற்சவராகவும் எழுந்தருள்வது அங்குள்ள தனிச்சிறப்பு. மீனாட்சிபுரத்து முத்துமாரி, நோய் தீர்ப்பவளாகப் போற்றப்படுகிறாள்.

காலம்: முன்னவளுக்குச் செவ்வாய்ப் பெருந்திருவிழா, பின்னவளுக்கு மாசி, பங்குனி.

எளிமை: முத்துமாரிக்குத் தக்காளிப் பழம் படைத்தாலே போதும் என்பது ஏழை வீட்டுக்கும் பெரும் ஆறுதல். பால்குடம் நேர்ந்தால் மட்டும், விரதமிருந்த உடலோடு, ஈரமஞ்சள் துணியும் வேப்பிலையுமாக, சுடும் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடக்க வேண்டியிருப்பதால், முதியோரை அதற்கு வற்புறுத்தக் கூடாது.

தொழில், திருமணத் தொடக்கங்களுக்குக் கொப்புடையாளையும், உடல்நல வேண்டுதலுக்கு முத்துமாரியையும் நாடலாம் என்பது என் கருத்து. ஆனால் பிள்ளையின் முதல் மொட்டையும் காதுகுத்தும் குலதெய்வத்துக்கே உரியவை. தொலைவைக் காட்டி அவற்றை இங்கே மாற்றுவதை என் மனம் ஏற்கவில்லை.